மேல்நிலையத்தில் ஆயில் பிரஷர்

நாள் 211 · காலை 06:10

ஆயில் பிரஷர் 40 பவுண்டு. நேற்று 45. அறைக்குள் பதினாறு டிகிரி, வெளியே மைனஸ் ஐம்பத்திரண்டு. வடக்குக் காற்று. பனித்தட்டு நேற்றிலிருந்து நான்கு விரற்கடை கீழே நகர்ந்திருக்கிறது.

இந்த நோட்டை யார் கையில் எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அதனால் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். என் பெயர் பேராச்சி. பனித்தட்டு எவ்வளவு நகர்கிறது என்று அளந்து, பிளவு வருமுன் அடிவாரத்துக்குச் சொல்வது என் வேலை. அடிவாரம் இங்கிருந்து நூற்றிமுப்பது கிலோமீட்டர் கீழே இருக்கிறது. தொண்ணூறு பேர், ஒரு பட்டறை, ஒரே ஒரு பனிவண்டி. எனக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு தொலைபேசிக் கம்பி. வேறு எதுவும் கிடையாது, உறவு உட்பட.

தூரத்துக் கிரகம் ஒன்றைச் சுற்றும் இந்த நிலவில் மாதம் இரண்டு முறை காந்தப் புயல் அடிக்கும். எலெக்ட்ரானிக் சில்லு வைத்த எந்தச் சாதனமும் அதற்குத் தாங்காது. வயர்லெஸ் வைத்துப் பார்த்தார்கள், வெந்து போனது. ஆகவே பூமியில் எவனோ காயலான் கடையில் போட்ட பழைய கார் எஞ்சின்களை வாங்கிக் கப்பலில் ஏற்றி வந்தார்கள். கார்புரேட்டர், மேக்னெட்டோ, ஹேண்டில் போட்டுச் சுற்றிக் கிளப்ப வேண்டும். அதில் ஒன்று என் பக்கத்து அறையில் உட்கார்ந்து இரவும் பகலும் ஓடுகிறது. டைனமோவும் சூட்டுக் காற்றாடியும் அதன் தயவில்தான். அது நின்றால் அறை ஆறிப்போகும். எட்டு மணி நேரத்தில் நானும் ஆறிப்போவேன்.

எழுதியாயிற்று. இனி எஞ்சினைப் பற்றி மட்டும் எழுதுவேன்.

நாள் 212 · காலை 06:15

பிரஷர் 31.

ஒரே நாளில் ஒன்பது பவுண்டு. அளவுக்குச்சியை இழுத்துப் பார்த்தேன், ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவே சரியாக இருக்கிறது. முகர்ந்தேன், எரிபொருள் வாடை இல்லை. விரலில் தேய்த்தேன், தண்ணீர் கலந்த வெளுப்பு இல்லை. எஞ்சினுக்கு அடியில் பழைய வேட்டியை விரித்து வைத்தேன், ஒரு சொட்டு விழவில்லை.

கம்பியில் பேசியதை அப்படியே எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. எழுதுகிறேன்.

நான்: "மேல்நிலையம். பிரஷர் முப்பத்தொண்ணு. ஆயில் அளவு சரி. ஒழுக்கு இல்ல."

அடிவாரம், பட்டறைத் தலைவர் சுடலைமுத்து: "கேஜ் மக்கர் பண்ணுதும்மா. குளிர்ல குழாய் உறைஞ்சிருக்கும். கேஜ மாத்து."

நான்: "கேஜ் நல்லாத்தான் இருக்கு."

சுடலைமுத்து: "நீ மாத்திட்டுப் பேசு."

பட்டறைத் தலைவர் சுடலைமுத்து என் தம்பி. கூடப் பிறந்தவன். அந்த நாற்காலிக்கு எங்கள் இரண்டு பேர் பெயரும் அடிவாரத்தை ஆளும் சபைக்குப் போனது. பதினோரு வருடம் பட்டறையில் கையைக் கருக்கியவள் நான். சபை அவனை உட்கார வைத்தது. உட்கார்ந்ததும் அவன் போட்ட முதல் கையெழுத்து, என்னை இங்கே ஏற்றிவிடும் உத்தரவில். ஏழு மாதமாக அவனோடு எஞ்சின் தவிர வேறு பேச்சில்லை. அவனும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

நாள் 213 · காலை 07:00

பிரஷர் 22. பழைய கேஜைக் கழற்றி, பெட்டியிலிருந்த புதிய கேஜை நேராக எஞ்சின் பிளாக்கில் மாட்டினேன். அதுவும் 22 காட்டுகிறது. இரண்டு கேஜும் சேர்ந்து பொய் சொல்லுமா?

டேப்பட் சத்தம் தொடங்கிவிட்டது. மேலே ஆயில் ஏறாதபோது வரும் அந்தச் சின்ன டிக் டிக். என் காதுக்குத் தெரியும்.

நான்: "ரெண்டு கேஜும் ஒண்ணுதான் காட்டுது. டேப்பட் அடிக்குது. நிறுத்திட்டு அடியில இருக்க ஆயில் சேம்பரக் கழத்தப் போறேன்."

சுடலைமுத்து: "கழத்தாத. பட்டறை முத்திரை போட்ட எஞ்சின். அங்கன பிரிக்கக் கூடாது."

நான்: "முத்திரை பெருசா, என் உசுரு பெருசா?"

சுடலைமுத்து: "சொன்னாக் கேளு. ஃபில்டர மாத்து. ரிலீஃப் வால்வப் பாரு. கனத்த ஆயிலு ஒரு கேன் இருக்குல்லா, அத ஊத்து. சேம்பரயும் டேப்பட் கவரயும் மட்டும் தொடாத."

நான்: "ஏன் தொடக் கூடாது?"

சுடலைமுத்து: "உத்தரவு."

உத்தரவாம். மூக்கு ஒழுகிக்கொண்டு என் பாவாடையைப் பிடித்துத் திரிந்த பயல். இந்த எஞ்சினை அவனே பிரித்து, அவனே பூட்டி, என்னோடு சேர்த்து மேலே அனுப்பினான். வேலை சரியில்லை என்று நான் கண்டுபிடித்துவிடுவேன் என்ற பயம் அவனுக்கு. வேறென்ன இருக்கப் போகிறது.

நாள் 213 · பகல் 11:30

நிறுத்திவிட்டு ஃபில்டர் மாற்றினேன். ரிலீஃப் வால்வைக் கழற்றிப் பார்த்தேன். குண்டு சுத்தம், ஸ்பிரிங் தளரவில்லை. திரும்பப் பூட்டி ஹேண்டில் போட்டுக் கிளப்பினேன். 36 வந்தது. அவன் சொன்னது பலித்துவிட்டதே என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. அரை மணி நேரம்கூட அந்த எரிச்சல் நிலைக்கவில்லை. முள் சரசரவென்று இறங்கி 19-இல் நின்றது.

கனத்த ஆயிலை ஊற்றக் கூடாது என்று எனக்குத் தெரியும். பம்ப் உறிஞ்சும் இடத்தில் அடைப்பு இருந்தால் கனத்த ஆயில் இன்னும் கஷ்டப்பட்டுத்தான் ஏறும். தெரிந்தும் ஊற்றினேன். உன் உத்தரவுப்படி ஊற்றினேன், நாசமாய்ப் போனது, பார் என்று அவன் முகத்தில் கரி பூச வேண்டும் என்ற ஆசை.

நாள் 214 · காலை 05:50

பிரஷர் 6.

ஆசை நிறைவேறியது. அடியிலிருந்து கட்டைச் சத்தம் வருகிறது, டொக், டொக். அது டேப்பட் இல்லை. பேரிங்.

நிறுத்திவிட்டேன். அவனிடம் கேட்கவில்லை.

நாள் 214 · காலை 10:20

அறையில் மூன்று டிகிரி. கையுறையோடு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்காவிட்டாலும் எனக்கொன்றுமில்லை.

ஆயிலை வடித்தேன். சேம்பரை இறக்கினேன். பம்பின் வாயில் ஒரு கம்பிச் சல்லடை உண்டு, ஆயில் அது வழியாகத்தான் மேலே போக வேண்டும். அந்தச் சல்லடையைக் காணோம். அதாவது, இருக்கிறது, அதன்மேல் மெத்தை மாதிரி ஏதோ அப்பியிருக்கிறது. விரலால் வழித்தேன். பஞ்சு. கறுத்த பஞ்சு. எரிபொருளில் அலசிப் பார்த்தால் மஞ்சள் நிறம்.

துணி. பட்டறையில் கை துடைத்த துணியை எஞ்சினுக்குள் மறந்துவிட்டுப் பூட்டியிருக்கிறான். இதற்குத்தான் திறக்காதே திறக்காதே என்று அந்தக் குதி குதித்தான். தெரிந்தே செய்திருக்கிறான், சவத்துப் பயல். தெரிந்தே ஏழு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறான்.

இரண்டு பேரிங்கைக் கழற்றிப் பார்த்தேன். மேலே இருக்க வேண்டிய வெள்ளை உலோகம் தேய்ந்து செம்பு தெரிகிறது. மாற்று பேரிங் இங்கே இல்லை. அடிவாரத்தில் இருக்கிறது, அவன் அலமாரியில், அவன் சாவியில்.

சல்லடையைச் சுத்தம் செய்து, மெல்லிய ஆயில் ஊற்றிப் பூட்டிவிட்டேன். பேக்கிங் பழசையே திருப்பிப் போட்டேன்.

நாள் 214 · பகல் 12:40

கிளப்பியதும் 28. நாற்பது நிமிடத்தில் 12. மறுபடி பஞ்சு வருகிறது. எங்கிருந்து வருகிறது? சேம்பரைத் துடைத்து எடுத்திருக்கிறேன், அங்கே ஒரு நூல்கூட இல்லை. அப்படியானால் மேலே இருக்கிறது. மேலேயிருந்து ஆயில் வடிகிற துளை வழியாகக் கீழே இறங்குகிறது.

எஞ்சின் தலையில் இருக்கும் டேப்பட் கவரைத் திறக்கப் போகிறேன்.

நாள் 214 · பகல் 13:30

திறந்தேன்.

மறந்து விட்ட துணி இல்லை. கவரின் உள்பக்கம், மூலையில் ஒரு போல்ட்டில், கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. மஞ்சள் துணியில் ஒரு முடிச்சு. ஏழு மாதம் கொதிக்கும் ஆயிலில் ஊறி, பாதி நைந்து நூல் நூலாகத் தொங்குகிறது. முடிச்சுக்குள் ஒரு ரூபாய்க் காசு. பூமியிலிருந்து வந்த காசு, இங்கே அதற்கு ஒரு குவளைத் தண்ணீர்கூடக் கிடைக்காது.

கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு கம்பியில் கூப்பிட்டேன்.

நான்: "சுடலை. டேப்பட் கவருக்குள்ள மஞ்சத்துணி முடிச்சு இருக்கு. யாருலே வச்சது?"

சுடலைமுத்து: "தொறந்துட்டியா?"

நான்: "யாரு வச்சதுன்னு கேக்கேன்."

சுடலைமுத்து: "நான்தான்."

நான்: "என்னத்துக்கு?"

சுடலைமுத்து: "உன்னய மேல அனுப்புதப்போ. நீ பத்திரமா எறங்கி வரணும்னு நம்ம சாமிக்கு நேந்து முடிஞ்சேன். வந்ததும் ஒன் கையால அவுக்கலாம்னு."

நான்: "வீட்டுல வச்சுக் கும்பிட வேண்டியதுதான?"

சுடலைமுத்து: "எஞ்சின நம்பித்தான அங்கன இருக்க. அதுலதான் கட்டணும்னு தோணிச்சு. வெளிய கட்டுனா நாலு பேரு பாப்பாங்க. போர்டு மாட்டுனவனே நானு."

போர்டு விஷயம் இது. முந்தின வருடம் ஆயுத பூஜையன்று எவனோ சூடத்தட்டை எரிபொருள் பீப்பாய்க்குப் பக்கத்தில் வைத்து, பட்டறையில் பாதி எரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் சுடலை பூஜையையே தடை செய்தான். "எஞ்சினுக்கு நெற்றி கிடையாது, பொட்டு வைக்காதே" என்று கொட்டை எழுத்தில் எழுதி வாசலில் மாட்டினான். ஒரு பையன் ஸ்பானருக்குச் சந்தனம் வைத்தான் என்று ஒரு வாரம் பனி அள்ள அனுப்பினான். அந்த மகா யோக்கியன்தான் ஒளித்து வைத்துக் கும்பிட்டிருக்கிறான்.

நான்: "மூணு நாளா கேஜு கேஜுன்னியே. இத நெனச்சுத்தான் தொறக்காதன்னியா?"

சுடலைமுத்து: "துணி நையும்னு நெனைக்கலக்கா. இறுக்கித்தான் கட்டுனேன். சத்தியமா அதுவா இருக்கும்னு நெனைக்கல. தொறந்தா நீ பாத்துருவியேன்னு."

நான்: "பாத்தா என்ன?"

சுடலைமுத்து: "நீ சிரிப்ப."

நான்: "பேரிங் செம்பு தெரியுது. எஞ்சின் போச்சு. என்னையக் கொல்லணும்னு நெனச்சு வச்சிருந்தாக்கூட இதவிட நல்லா வச்சிருக்க முடியாது. நீயும் உன் நேர்ச்சையும். நான் செத்தா என் மூஞ்சில முழிக்காத. மண்ணுகூடப் போடாத. என் தம்பின்னு எவங்கிட்டயும் சொல்லாத."

சுடலைமுத்து: "அக்கா, நான் இப்பமே வண்டிய எடுத்துட்டு"

அதற்கு மேல் என்ன சொன்னான் என்று தெரியாது. கம்பியைப் பெட்டியிலிருந்து பிடுங்கி எறிந்துவிட்டேன். விதிப்படி இதையும் எழுதிவிட்டேன்.

நாள் 214 · மாலை 17:10

முடிச்சை அறுத்து வெளியே எடுத்தாயிற்று. ஆனால் உள்ளே போன நூல் போனதுதான். ஆயில் போகிற ஒவ்வொரு துளையிலும் அது இருக்கிறது. இன்னொரு முறை சேம்பரை இறக்க என்னால் முடியவில்லை. விரல் நுனிகளில் உணர்ச்சி இல்லை.

எஞ்சின் ஓடுகிறது. டொக், டொக். கேட்கக் கேட்க எனக்கு அவன் குரல் மாதிரியே இருக்கிறது. அன்பாக இருக்கிறானாம். இரண்டு வார்த்தை நேரில் சொல்ல வாய் வராது, எஞ்சினுக்குள் மஞ்சள் துணி கட்டுவான். அதை முடிந்த கையை முறிக்க வேண்டும்.

நான் சிரித்திருப்பேன் என்பது உண்மைதான். அதுதான் இன்னும் எரிகிறது.

நாள் 215 · காலை 08:20

ஒன்று கண்டுபிடித்தேன்.

இரவில் பிரஷர் 4-க்கு வந்தபோது பயந்து நிறுத்தினேன். போர்வைக்குள் சுருண்டு கிடந்தேன், கண் அசந்துவிட்டது. விழித்து, குளிரில் செத்துப்போகவில்லை என்று ஆச்சரியப்பட்டு, போய்க் கிளப்பினால் 27. அப்போதுதான் உறைத்தது. எஞ்சின் ஓடும்போது பம்ப் உறிஞ்சுவதால் பஞ்சு சல்லடையில் ஒட்டிக்கொள்கிறது. நிறுத்தினால் உறிஞ்சல் நிற்கிறது, பஞ்சு மெதுவாக உதிர்ந்து ஆயிலின் அடியில் போய்ப் படிகிறது. ஃபில்டர் மாற்றியபோது 36 வந்ததும் இதனால்தான். ஃபில்டருக்கு அதில் பங்கில்லை, அந்த ஓய்வுதான் காரணம்.

கால் மணி நேரம் நிறுத்திப் பார்த்தேன். முள் 20-க்கு ஏறியது, ஐந்தே நிமிடத்தில் தரைக்கு வந்தது. பாதி உதிர்ந்து நிற்கிற பஞ்சு உடனே திரும்பி ஒட்டுகிறது. அது ஏமாற்று. முழுதாக ஒரு மணி நேரம் நிறுத்தினால் இருபது நிமிடம் நன்றாக ஓடுகிறது.

ஆக, ஒரு மணி நேரம் நிறுத்தம், இருபது நிமிடம் ஓட்டம். அறை ஐந்து டிகிரிக்கும் பத்து டிகிரிக்கும் நடுவே நிற்கிறது. பேரிங் எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாது. ஆனால் இன்று சாக மாட்டேன்.

தட்டில் எரிபொருளை ஊற்றிக் கொளுத்திக் குளிர் காயலாமே என்று யாராவது கேட்பீர்கள். கொளுத்திப் பார்த்தேன். புகை வெளியே போக வழியில்லை, பத்து நிமிடத்தில் தலை சுற்றி விழுந்தேன்.

நாள் 215 · பகல் 11:15

கம்பியைத் திரும்ப மாட்டினேன். அவனுக்காக இல்லை. பேரிங் வேண்டும், அதற்காக. மாட்டிய உடனே மணி அடித்தது.

அடிவாரம், தொலைபேசிக்காரி ஜெபக்கனி: "அக்கா, எத்தன தடவ கூப்பிட்டுட்டேன் தெரியுமா? உசுரோட இருக்கியளா?"

நான்: "இருக்கேன். சுடலையக் கூப்பிடு."

ஜெபக்கனி: "அவுக ராத்திரி ரெண்டு மணிக்கே பனிவண்டிய எடுத்துட்டுக் கெளம்பியாச்சு. பேரிங், பேக்கிங், எல்லாம் எடுத்துட்டு. ஒத்தையிலதான் வாராக. நேத்து பூரா சபைல வேண்டாம்னு மறிச்சாக, கேக்கல."

நான்: "அந்த வண்டி எஞ்சினையும் அவன்தான பூட்டுனான்?"

ஜெபக்கனி: "அதையும் சொல்லச் சொன்னாக. அதுலயும் ஒண்ணு கட்டிருக்காம். ஒங்க எஞ்சின் பூட்டுன அதே மாசம். எஞ்சின வண்டிலருந்து எறக்கிப் பிரிச்சு எடுக்க அரை நாளாவும், அக்கா அதுவரைக்கும் தாங்க மாட்டான்னுட்டுப் போயிட்டாக. வண்டி அவ்வளவா ஓடல, துணி நைஞ்சிருக்காதுன்னாக."

நான்: "ஏழு மாசமா அந்த வண்டி ஓடுதுல்லா?"

ஜெபக்கனி: "வாரம் ரெண்டு நாளு ஓடுதுக்கா."

நான்: "பிரஷர் எறங்கினா ஒரு மணி நேரம் நிறுத்திப் போடணும். நிறுத்தினா சரியாயிரும். அவனுக்குத் தெரியாது. அவன்கிட்டச் சொல்ல வழி இருக்கா?"

ஜெபக்கனி: "வண்டில என்னக்கா இருக்கு. ஒரு வெளக்குதான் இருக்கு."

நேற்று அவன் "வண்டிய எடுத்துட்டு" என்று சொன்னபோது நான் கம்பியைப் பிடுங்காமல் இருந்திருந்தால், இன்று காலை எட்டு இருபதுக்கு இதை அவனிடம் சொல்லியிருப்பேன் என்று எழுத வந்தேன். இல்லை. எட்டு இருபதுக்கு அவன் பாதி வழி வந்திருப்பான். எப்படிக் கணக்குப் போட்டாலும் எனக்கு இது தெரிந்த நேரத்தில் அவன் கம்பியின் அந்தப் பக்கம் இல்லை. இருந்தாலும் பிடுங்கியது பிடுங்கியதுதான்.

நாள் 215 · பகல் 15:25

இருட்டிவிட்டது. இந்தப் பருவத்தில் வெளிச்சம் நான்கு மணி நேரம்தான்.

கீழே சரிவில் ஒரு விளக்கு. ஒன்பது, பத்து கிலோமீட்டர் இருக்கும். ஒற்றை மஞ்சள் விளக்கு ஆடி ஆடி வருகிறது. பனிவண்டியில் பேட்டரி கிடையாது, இந்தக் குளிருக்கு அது தாங்காது. எஞ்சின் ஓடினால்தான் விளக்கு எரியும். எரிகிறது, ஆகவே ஓடுகிறது.

வந்து சேர்ந்தால் முதலில் ஒரு அறை விடுவேன். அப்புறம் பேரிங்கை மாட்டச் சொல்வேன். டீத்தூள் இன்னும் இரண்டு கரண்டி இருக்கிறது, அதையும் போட்டுத் தொலைக்கலாம்.

15:40

விளக்கு மங்குகிறது. திடீரென்று பிரகாசமாகிறது. மறுபடி மங்குகிறது.

எனக்குத் தெரியும் அது என்னவென்று. பிரஷர் இறங்கும்போது ஓட்டுகிற அத்தனை பேரும் இதைத்தான் செய்வார்கள். ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்து முள்ளை ஏற்றிப் பார்ப்பார்கள். மிதித்தால் கொஞ்சம் ஏறும். ஏறுகிறதே என்று இன்னும் மிதிப்பார்கள். பம்ப் இன்னும் பலமாக உறிஞ்சும், பஞ்சு இன்னும் இறுக ஒட்டும். பேரிங் வறண்டு அரைபடும்.

அவன் வண்டி நின்றால் அவன் இங்கே வர முடியாது, அங்கே போகவும் முடியாது. மைனஸ் ஐம்பத்திரண்டில் ஒன்பது கிலோமீட்டர் ஏற்றம் நடக்க மனுஷனால் முடியாது. நான் இறங்கிப் போகவும் முடியாது.

கம்பத்து விளக்கு. நிலையத்துக்கு மேலே இருக்கிறது, இருபது கிலோமீட்டர் வரை தெரியும். அடிவாரத்தில் எல்லோருக்கும் சைகை தெரியும். மூன்று நீளம் என்றால் எஞ்சினை நிறுத்து. அதன் பிறகு குட்டையாக எத்தனை வெட்டு வெட்டுகிறோமோ அத்தனை பத்து நிமிடம். மூன்று நீளம், ஆறு குட்டை. அவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

விளக்கு எரிய என் எஞ்சின் ஓட வேண்டும். நிறுத்திப் பத்து நிமிடம்தான் ஆகிறது. ஒரு மணி நேரம் ஆகாமல் கிளப்பினால் இது தாங்காது.

ஒரு மணி நேரம் அவனும் தாங்க மாட்டான்.

16:05

கிளப்பினேன். முள் 8-க்கு வந்து, 3-க்குப் போனது. சத்தம் சுவரெல்லாம் அடித்தது. கம்பத்து விளக்கின் சுவிட்சைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று நீளம் போட்டேன். அவன் விளக்கு வந்துகொண்டே இருந்தது. மறுபடி மூன்று நீளம். மறுபடி. ஐந்தாவது முறை அவன் பார்த்துவிட்டான்.

விளக்கு அணைந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டான்.

என் கூடப் பிறந்தவன், என் சொல்லைக் கேட்டு நிறுத்தினான். எனக்கு அழுகை வந்துவிட்டது, உண்மையைச் சொல்கிறேன். கண்ணீர் இமையிலேயே உறைகிறது.

பிறகு ஆறு குட்டை போடத் தொடங்கினேன். ஒன்று போட்டேன்.

ஒன்று போட்டதும் எஞ்சின் ஒரு உதறு உதறி, கழுத்தைப் பிடித்தது போல் நின்றது. ஹேண்டில் அசையவில்லை. ஆயுள் முடிந்தது.

16:12

அவன் பார்த்தது ஒன்றா? பார்க்கவே இல்லையா? ஒன்று என்றால் பத்து நிமிடம் என்று நினைப்பான்.

மெழுகுவர்த்தியை ஜன்னலில் வைத்தேன். இத்தனை தூரத்துக்கு அது என்னத்துக்கு ஆகும். எரிபொருளை வாசலில் ஊற்றிப் பற்ற வைத்தேன், காற்று ஒரே ஊதில் அணைத்துவிட்டது. போர்வையைச் சுருட்டி நனைத்துப் பற்ற வைத்தேன். அதையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. இனிப் போர்வை இல்லை.

அறையில் ஒரு டிகிரி. பேனா உறைந்துவிட்டது. பென்சில்.

சுடலை, ஒரு மணி நேரம். உனக்கு எதற்கு அவசரம்? நான் இருக்கிறேன். இங்கேதான் இருக்கிறேன். கொஞ்சம் சும்மா உட்காரு. சின்னதிலிருந்தே உனக்கு உட்காரத் தெரியாது.

16:19

விளக்கு.

கிளப்பிவிட்டான். முள் ஏறியிருக்கும். கால் மணி நேர ஓய்வுக்கு இருபது வரும், எனக்கும் வந்தது. சரியாகிவிட்டது என்று நினைத்திருப்பான்.

வேகமாக வருகிறான். அக்கா குளிரில் கிடக்கிறாள் என்று வருகிறான்.

ஹேண்டிலில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினேன். கடப்பாரைதான் வளைந்தது.

16:23

மங்குகிறது. மிதிக்கிறான். பிரகாசம். மிதிக்கிறான்

மிதிக்காதலே

கதவைத் திறந்து கத்தினேன். காற்று என் வாய்க்குள்ளேயே திருப்பி அடிக்கிறது. கேட்காது, தெரியும். தொண்டை கட்டிவிட்டது. மறுபடி கத்தப் போகிறேன்

விளக்கு அணைந்துவிட்டது